வேலையில் அடிபட்டால் இழப்பீடு வாங்குவது எப்படி? வடசென்னைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பெரிய ஆலைக்குள் கான்ட்ராக்ட் ஆளாக இருக்கலாம், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் பட்டறையில் பிரஸ் ஓட்டலாம், குடோனில் லோடு இறக்கலாம், மேஸ்திரியோடு கட்டட வேலைக்குப் போகலாம். வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1923-லிருந்தே சட்டம் இருக்கிறது. இருந்தும் நிறைய பேருக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. நான் பார்த்தவரை, கேஸ் நடத்தித் தோற்றுப் பணத்தை இழந்தவர்கள் குறைவு. முதல் நாள் சரியாக எழுதப்படாததாலும், பிறகு எதிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாலும் இழந்தவர்கள்தான் அதிகம். அதனால் முதல் நாளைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள்: ஆஸ்பத்திரியில் என்ன எழுதுகிறார்கள்

முதலில் சிகிச்சை. 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவருக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. கை நசுங்கினால், விரல் போனால், பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பக்கத்துக்குப் பெரிய பலம். கை அறுவை சிகிச்சைக்கென்றே அங்கே தனித் துறை பல வருஷமாக இருக்கிறது. தெருமுனை கிளினிக்கில் நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கூட வந்தவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கைக்கும் கேடு, கேஸுக்கும் கேடு.

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டது?" நீங்கள் சொல்லும் பதிலை அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எல்லோரும் இதை ஏ.ஆர். எண்ட்ரி என்பார்கள். பிற்பாடு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் வாங்கிப் பார்ப்பது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான். அதில் நாலு விஷயம் வர வேண்டும்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், யாருடைய வேலையைச் செய்யும்போது. "இன்று காலை 11 மணிக்கு, இன்ன கம்பெனியில், பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கை மாட்டியது" என்றால் போதும்.

இங்கேதான் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் முந்திக்கொள்வார். "தம்பி, பைக்கிலிருந்து விழுந்தேன்னு சொல்லிடு. கம்பெனின்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும். ஆஸ்பத்திரி செலவு முழுக்க முதலாளி பார்த்துக்குவார்." வலியில் இருக்கும் ஆள், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கும் ஆள், தலையாட்டிவிடுவார். 'பைக்கிலிருந்து விழுந்து காயம்' என்று ஏ.ஆர். புத்தகத்தில் ஏறிவிடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, இது வேலையில் நடந்த விபத்தே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். முதலாளி அப்படிச் சொல்லச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. உங்களை இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில்) பதிந்திருக்க மாட்டார், அல்லது மெஷினில் பாதுகாப்புக் கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை) கழற்றி வைத்திருப்பார், இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார் என்ற பயம் இருக்கும். அவருடைய சிக்கலை உங்கள் கையால் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு நினைவு இல்லையென்றால் கூடப்போகிற நண்பர் இதைச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் உங்கள் செட்டில் இருந்தால், அவர்கள் அடிபடும் நாளில் தமிழ் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள். கம்பெனி ஆள் மட்டும் போனால் என்ன எழுதப்பட்டது என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டார்களா? நடந்ததை அப்படியே எழுதி உடனே போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்குங்கள். ஏ.ஆர். எண்ட்ரியில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது, யார் சொல்லச் சொன்னது என்பதையும் அதில் எழுதுங்கள். எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறீர்களோ அவ்வளவு நம்புவார்கள்.

முதல் வாரம்: கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி

விபத்து நடந்ததைக்கூட ஒத்துக்கொள்வார்கள். "இவர் எங்கள் ஆளே இல்லை" என்பதுதான் அடுத்த கதை. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் கம்பெனி கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கம்பெனியின் வழக்கமான வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்ய வைத்தால், முதன்மை முதலாளியான கம்பெனியும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஆனால் அந்த கேட்டுக்குள் நீங்கள் வேலை பார்த்ததைக் காட்ட வேண்டும்.

கேட் பாஸ், ஐ.டி. கார்டு, யூனிஃபார்ம், ஜிபே-யில் வந்த சம்பளத்தின் ஸ்கிரீன்ஷாட், ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குரூப்பின் மெசேஜ்கள் எல்லாமே சாட்சிதான். விபத்துக்கு அடுத்த நாளே குரூப்பிலிருந்து உங்களை நீக்கிவிடலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்பிவையுங்கள். கூட வேலை பார்த்த இருவரின் பெயர், போன் நம்பரையும் எழுதிவையுங்கள். முடிந்தால் மெஷினை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கார்டு இல்லாத மெஷினுக்கு மறுநாள் காலையில் புதுக் கார்டு முளைத்துவிடும்.

அப்புறம் ஒரு கடிதம். யாருக்கு, எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதி, கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். விபத்தைப் பற்றி முதலாளிக்குத் தகவல் கொடுத்தாயிற்று என்பதற்கு இதுதான் ஆதாரம். தொழிற்சாலை என்றால், 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் தெரிவிக்காவிட்டால் நீங்களே அந்த இயக்ககத்துக்கு ஒரு புகார் எழுதலாம்.

பாதை பிரியும் இடம்: இ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, கடை போன்ற இடங்களில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை. ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறீர்கள். பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பர் இருக்கும். மத்திய அரசின் உமங் ஆப்பில் பார்க்கலாம், அல்லது கட்டணமில்லா எண் 1800-11-2526-இல் கேட்கலாம்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு லேபர் ஆபீஸில் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. இரண்டில் ஒன்றுதான், எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது. இன்னொன்று: 2025 நவம்பர் 21 முதல் இ.எஸ்.ஐ. சட்டம், 1923 இழப்பீட்டுச் சட்டம் ஆகிய இந்த இரண்டு பழைய சட்டங்களும் 'சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020' என்பதற்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நான் இங்கே சொல்லும் அடிப்படை மாறவில்லை.

பணம் பிடிக்கவில்லை, நம்பரும் இல்லை, ஆனால் பட்டறையில் இருபது பேர் இருக்கிறீர்கள் என்றால்? சேர்க்காதது முதலாளியின் குற்றம். சேர வேண்டிய ஆளுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு, அந்தச் செலவை முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. விபத்து நடந்த மறுநாள் அவசர அவசரமாகப் பதிந்து, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததாகக் காட்டுகிறவர்களும் உண்டு. மேலே சொன்ன ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் பழைய வாட்ஸ்அப் மெசேஜும் உங்களைக் காப்பாற்றும் இடம் அதுதான்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு

சாதாரண நோய்க்கான விடுப்புப் பணத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வேலையில் அடிபட்டால் அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு.

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும். மாதம் 18,000 வாங்கும் ஒருவருக்குத் தோராயமாக நாளுக்கு 540 ரூபாய். அடிபட்ட நாள் போக, மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும். டாக்டர் எவ்வளவு நாள் ஓய்வு எழுதுகிறாரோ அதுவரை கிடைக்கும், உச்சவரம்பு இல்லை. இதற்கு நம் பக்கத்துக்காரர்கள் உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கும், பெரிய சிகிச்சை என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் போக வேண்டும். முதலில் ஸ்டான்லியிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ அவசரமாகச் சேர்ந்திருந்தாலும், கூடிய சீக்கிரம் டிஸ்பென்சரியில் தெரிவித்து, சர்டிபிகேட்டுகளை இ.எஸ்.ஐ. டாக்டர் மூலம் வாங்குங்கள். அந்தச் சர்டிபிகேட் இல்லாத நாட்களுக்குப் பணம் இல்லை.

கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பவில்லையென்றால் கிளை அலுவலகத்துக்குப் போய் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் விசாரிப்பார்கள். ஏ.ஆர். காப்பி அங்கேயும் பேசும்.

ஓய்வில் இருக்கும்போது "சும்மா வந்து உட்கார், லேசான வேலை தர்றேன்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். வேலைக்குப் போன நாளுக்கு இந்தப் பணம் கிடையாது. காயம் ஆறிவிட்டது என்றும் எழுதிவிடுவார்கள்.

சிகிச்சை முடிந்து, விரல் போனது போனதுதான், கை முழுதாக மடங்கவில்லை என்றால், அடுத்த கட்டம் மெடிக்கல் போர்டு. நிறைய பேர் இங்கே நின்றுவிடுகிறார்கள். விடுப்புப் பணம் வந்தது, கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று போர்டு தீர்மானிக்கும். அந்தச் சதவீதப்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். மேலே சொன்னவருக்கு 20 சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 108 ரூபாய், மாதம் ஏறக்குறைய 3,240. மறுபடி வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. போர்டுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கிளை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள்; ஒரு வருஷம் தாண்ட விடாதீர்கள். சதவீதம் குறைவு என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உயிரே போய்விட்டால், கணவரையோ மகனையோ நம்பியிருந்த குடும்பத்துக்கு அவர் கூலியில் 90 சதவீதம் பங்கு பிரித்து மாதந்தோறும் வரும். மனைவிக்கு மறுமணம் வரையோ ஆயுள் வரையோ. ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய் வரை தனி. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் இதில் சேரும். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் நேரம், இடம், வழி பொருந்த வேண்டும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு: லேபர் ஆபீஸ்

சின்னப் பட்டறை, கட்டட வேலை, இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் என்றால் இழப்பீட்டை முதலாளியே தர வேண்டும். இதை விசாரிப்பவர் தொழிலாளர் துறை அதிகாரி. சென்னைக்கு இந்த அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் மாறாமல் ஏ.ஜி.–டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கலாம். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.

கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால், செட்டில்மென்ட் பேச வருகிறவரிடம் ஏமாற மாட்டீர்கள். முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். இறப்புக்கு 50 சதவீதம். அந்த எண் 30 வயதுக்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். மனு போடும்போது அது உயர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகுதி ஊனத்துக்குச் சட்ட அட்டவணையில் சதவீதம் இருக்கிறது: கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுதும் 14, ஒரு கையில் இரண்டு விரல் 20, நான்கு விரல் 50, ஒரு கண் 40.

35 வயது, சம்பளம் 18,000, பிரஸ்ஸில் இரண்டு விரல் போயிற்று. 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 197.06-ஆல் பெருக்கினால் 17,73,540. அதில் 20 சதவீதம் 3,54,708 ரூபாய். அட்டவணை சொல்வது இதுதான். நடைமுறையில் கம்பெனி ஆள் கவரில் 25,000 வைத்துக்கொண்டு வருவார். வெல்டர், ஃபிட்டர் போன்றவர் அந்த விரல்கள் இல்லாமல் தன் தொழிலையே செய்ய முடியாது என்று டாக்டர் சாட்சி சொன்னால், சில வழக்குகளில் அட்டவணையை விட அதிகமும் கிடைத்திருக்கிறது.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு தடவை சம்பளத்தில் 25 சதவீதம். மருத்துவச் செலவு தனியாக, பில்படி. அதனால் மருந்துக்கடைச் சீட்டு முதல் எல்லா பில்லையும் ஒரு கவரில் போட்டுவையுங்கள்.

"உன் கவனக்குறைவு, நீதான் கையை விட்டாய்" என்பார்கள். கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடித்துவிட்டு வேலை பார்த்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, கார்டை வேண்டுமென்றே கழற்றியது போன்றவைதான் தடை. அதுவும் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் பொருந்தாது.

ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு, காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். மனுவில் இரண்டையும் கேட்க மறக்காதீர்கள். கான்ட்ராக்டர், கம்பெனி, இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்ப்பு வந்தும் பணம் கட்டவில்லையென்றால் நிலவரி பாக்கி போல வசூலிக்க முடியும்.

ஊருக்குத் திரும்பிப் போய்விட்டீர்களா? நீங்கள் வசிக்கும் மாவட்டத்து அதிகாரியிடமே மனு போடலாம். விழுப்புரத்திலிருந்தோ ஒடிசாவின் கஞ்சமிலிருந்தோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை வரத் தேவையில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

வெள்ளைத்தாளிலோ வெறும் ஸ்டாம்ப் பேப்பரிலோ கையெழுத்து, கைரேகை வைக்காதீர்கள். "எனக்கு வர வேண்டியதெல்லாம் வாங்கிக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கினாலும், உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். உண்மையாகவே சமரசமாகப் போக விரும்பினால் அதை லேபர் அதிகாரி முன்னால் பதிவு செய்யச் சொல்லுங்கள். யோக்கியமான முதலாளி அதற்கு மறுக்கமாட்டார்.

இறப்பில் இன்னும் கவனம். இழப்பீட்டை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து கொடுத்த பணத்தில், மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான முன்பணம் மட்டுமே கழியும். மார்ச்சுவரி வாசலில் உடலை வாங்கும் அவசரத்தில் பேசி முடித்த தொகையோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்று அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பக்கவாட்டில் வரும் பணம்

வங்கி பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாத வரிகளைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் உங்களுக்கு பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறது. விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ பயனற்றுப் போனால் 1 லட்சம். கணக்கு இருக்கும் கிளையில் உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

பி.எஃப். பிடித்தம் இருந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியவருக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கு ஓய்வூதியம் உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீட்டுப் பணம். கட்டடத் தொழிலாளர்களுக்கும் மற்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் தமிழக நல வாரியங்களின் விபத்து உதவி தனி. அட்டை எடுக்காதவர்கள் அடிபடும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே பதிந்துகொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத, குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கும். இவற்றை வாங்குவதால் முதலாளி தர வேண்டிய இழப்பீடு குறையாது.

வக்கீல் பற்றி

ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிட்டிங் கார்டு நீட்டுகிறவர்களிடம் உடனே வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வாயால் பேசி, முடிவில் பாதியை எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100-க்குக் கூப்பிடுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகப் போங்கள். அதே மெட்ரோவில் ஹைகோர்ட் நிலையம். உங்கள் கம்பெனியில் தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுங்கள். எந்த டாக்டர் சாட்சி சொல்ல வருவார், எந்த இன்சூரன்ஸ் நிறுவனம் இழுத்தடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி.

போகும்போது ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சம்பள ஆதாரம், ஆதார், வயது அத்தாட்சி, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல், ஸ்பீடு போஸ்ட் ரசீது, பில் கவர் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். மனு கொடுத்தால் உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.